‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவில்

றிபாத்தைப் பத்து நிமிடம் ஒரு கதிரையில் இருத்தி வைப்பவருக்கு ஒரு கிலோ இறால் இலவசம் என்று எங்கள் சின்ன மாமா ஒரு கல்யாண வீட்டில் எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். இன்றுவரை அந்த இறாலை யாரும் வாங்கவில்லை.

இருபத்தேழு வயது. சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தில் நடந்தபடியே சாப்பிடுவான். பஸ்ஸில் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தாலும் மிதிபலகைக்குப் பக்கத்தில்தான் நிற்பான். தொலைபேசியில் ஒரு பேச்சைச் சிலாவத்துறையின் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடிப்பான். “இவன்ட காலுக்குக் கீழ நெருப்பை வச்சுத்தான் அல்லாஹ் அனுப்பி இருக்கான்” என்பார் அவனுடைய உம்மா உம்மு குல்சூம்.

நான் ஷமீர். றிபாத்தின் வாப்பா ஆதம்பாவா என் உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். அந்த முறையில் நாங்கள் மச்சான்மார். எங்கள் இரண்டு வீட்டிலும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் எனக்கு ஒரு கடையில் சீனிகூட வாங்கத் தெரியாது என்பான் றிபாத். சொல்லட்டும். கடலில் வலை இழுத்தவர்களின் பிள்ளை கறுப்பு அங்கி போட்டு நிற்கும் அந்தப் படம் எங்கள் வீட்டில் ஒன்று, மாமா வீட்டில் ஒன்று என இரண்டு சுவரில் தொங்குகிறது. மாமா வீட்டுச் சுவரில் றிபாத்தின் படம் என்று ஒன்றும் இல்லை.

அவன் புத்தளத்தில், கிடுகு அடைத்த அகதிக் குடிலில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு ஊர் திரும்பினான். உயர்தரப் பரீட்சை இரண்டு முறை எழுதினான். மூன்று மணித்தியாலப் பரீட்சையில் ஒன்றரை மணித்தியாலம் ஆனதும் எழும்பி வெளியே வந்துவிடுவான். “தெரிஞ்சதை எழுதிட்டன். பிறகு என்னத்துக்கு இருக்கிற?” இரண்டு முறையும் சித்தியடையவில்லை. ஐஸ் லொறியில் போனான். நெல் ஆலையில் மூட்டை எண்ணினான். எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. கடைசியில் முருங்கன் சந்தியில் சிங்கராசா அண்ணையின் கொம்யூனிகேஷன் கடையில் சேர்ந்தான். போட்டோப் பிரதி, லமினேற்றிங், கடிதம் தட்டச்சு. அங்கே ஐந்து வருடம் நின்றுவிட்டான். நின்றுவிட்டான் என்பதும் சரியான சொல் அல்ல. கணினியை நெஞ்சளவு உயரமான ஒரு அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்து, நின்றபடி, கால் மாற்றிக் கால் மாற்றித் தட்டுகிறான்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லாத் தட்டச்சுக் கடைகளிலும் இருக்கிறது. கத்தாரில் இருக்கும் மகன் கைபேசியில் தட்டி அனுப்பிய விண்ணப்பத்தை உம்மாமார் கொண்டு வருவார்கள். சொல்லுக்குச் சொல் நடுவில் இரண்டு வெற்றிடம், மூன்று வெற்றிடம். அச்சுக்குக் கொடுக்குமுன் ‘இரண்டு வெற்றிடத்தை ஒன்றாக்கு’ என்று கணினிக்கு ஒரு கட்டளை கொடுப்பார்கள். இரண்டு என்று எதுவுமே மிஞ்சாத வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். “கடிதம் கடையை விட்டு வெளியால போகேக்க சேட்டுக்குப் பொத்தான் பூட்டித்தான் போகோணும்” என்பது சிங்கராசா அண்ணையின் சட்டம். ஐந்து வருடத்தில் அந்தக் கட்டளை றிபாத்தின் விரலுக்குள் இறங்கிவிட்டது. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போதும் விரல் அதைச் செய்யும்.

கடைக் கணினி பழையது. பெரிய மென்பொருள் எதையும் தாங்காது. நான் கம்பசில் பழகிய ஒரு இலவச எடிட்டரை அதில் போட்டுக் கொடுத்தேன். எழுத்தைத் தட்டித் திருத்துவதற்கு மட்டும் உள்ள மென்பொருள் அது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து செய்தது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஒரு மாரி காலத்தில், கடைக்கு ஆள் வராத ஒரு பகலில், றிபாத் திறந்து பார்த்தான். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் கோட் இருக்கும் பைல் அவன் கண்ணில் பட்டது.

அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தான். “மச்சான், தமிழுக்கு உள்ள பைலைப் பாத்திருக்கியா? குப்பைமேடு! ஒரு வரி உள்ளுக்க, ஒரு வரி வெளியால. வரி முடிஞ்ச பிறகும் ஏழு எட்டு வெற்றிடம் சும்மா கிடக்கு. இருவது வருசத்துக்கு முந்தி ஒருத்தன் ‘இதை நாளைக்குத் திருத்தவேண்டும்’ எண்டு குறிப்பு எழுதி வச்சிருக்கான். அந்த நாளை இன்னும் வரல்ல.”

“ஓடுதுதானே? பிறகென்ன?”

“ஓடுறது வேற. எனக்குப் பாக்கேலாமக் கிடக்கு.”

அன்று தொடங்கினான். கோடின் வேலையை மாற்றவில்லை. அது அவனுக்குத் தெரியவும் தெரியாது. வரி முடிவில் தொங்கும் வெற்றிடங்களை வெட்டினான். கோணல் வரிகளை நேராக்கினான். செத்துப்போன குறிப்புகளை அழித்தான். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகச் செய்து அனுப்பினான். இரண்டு வருடத்தில் நாற்பத்தொரு முறை. கடையில் அது பெரிய பகிடி. “உனக்கென்ன வேலை எண்டு ஆரும் கேட்டா நான் என்னடாப்பா சொல்லுறது?” என்று சிங்கராசா அண்ணை கேட்பார். “பொடியன் இல்லாததை அழிக்கிறான் எண்டோ?”

இந்த வருடம் அந்த எடிட்டருக்கெல்லாம் பொறுப்பான அம்மையார், குளிர் நாடு ஒன்றில் இருப்பவர், அவனுக்கு மெயில் எழுதினார். தமிழ்ப் பைலுக்குப் பதினொரு வருடமாகப் பொறுப்பாளர் இல்லை. பைலின் தலையில் ‘பொறுப்பாளர்:’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்தப் பதிப்புக்கான கடைசிச் சுத்தப்படுத்தலை நன்றாக முடித்தால், பதிப்பு வெளியான பிறகு அந்த வரியில் உங்கள் பெயரைப் போட யோசிக்கிறோம்.

மன்னாரில் என் அறைக்கே வந்து அந்த மெயிலைக் காட்டினான். நான் வாசித்து முடிக்கும்வரை அறைக்குள் எட்டுப் போட்டான்.

“இதுக்குச் சம்பளம் தருவாங்களா?”

“இல்ல.”

“பிறகு?”

அவன் யன்னலடியில் நின்றான். “மச்சான், இவங்கள் எந்த சேட்டிபிக்கட்டும் கேக்கல்ல. செஞ்சதைப் பாத்துட்டுக் கேக்கிறாங்கள். என்னட்ட ஆரும் அப்பிடிக் கேட்டதில்ல.”

மூன்று கிழமை அந்தக் கடைசிச் சுத்தப்படுத்தலைச் செய்தான். அனுப்புமுன் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் முறை. என்னிடம் தந்தான். நூற்றுக்கணக்கான வரிகள் மாறியிருந்தன. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் திரையில் ‘வெற்றிட மாற்றங்களை மறை’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினேன். எல்லாம் வெற்றிடம்தானே, திரை கிட்டத்தட்ட வெறுமையாகிப்போனது. அவன் அழித்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. ஒன்று ‘இணைத்துள்ள தாளில் உள்ள அட்டவணையைப் பார்க்க, இருக்கை ஐந்து’ என்றது. தாளும் இல்லை, அட்டவணையும் இல்லை. அழித்தது சரிதான் என்றேன். பிறகு எழுதிப் பார்த்தோம். எந்தக் கணினியில் தமிழ் போட்டாலும் நாங்கள் முதலில் எழுதிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெயரை. சிலாவத்துறை என்று தட்டினேன். சிலாவத்துறை என்று வந்தது. றிபாத்தும் ஒருமுறை தட்டினான். வந்தது.

“பார்வையிட்டவர் எண்டு உன்ட பேரைப் போடோணும்” என்றான்.

“பி.எஸ்சி. எண்டும் போடு.”

“அங்க ஒருத்தரும் அப்பிடிப் போடுறதில்ல மச்சான்.”

“நீ போடு.”

போட்டான். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புதிய பதிப்பைக் கட்டி வெளியிடும் நாள் வெள்ளிக்கிழமை, எங்கள் நேரம் பிற்பகல் இரண்டரை மணி என்று அறிவித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால். நான் மன்னார் நகரில் என் கந்தோரில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தால், மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

“மச்சான், மன்னார் இல்ல.”

“என்ன?”

“மன்னார் வருதில்ல! ‘ம’ வருதில்ல!”

நடந்தது இது. வெளியீட்டுக்கு முந்திய பரீட்சார்த்தப் பதிப்பை அன்று காலை கடைக் கணினியில் பெருமையாகப் போட்டிருக்கிறான். முதல் வாடிக்கையாளர் வங்காலையைச் சேர்ந்த அன்ரோனெற் அக்கா. பாலர் பாடசாலை ஆசிரியை. பாடசாலைக் கூரைக்குத் தகடு கேட்டு ஒரு விண்ணப்பம். றிபாத் அவருடைய கையெழுத்துத் தாளைப் பார்த்தபடி, திரையைப் பாராமல், வழக்கம்போல வேகமாகத் தட்டி, அச்செடுத்துக் கொடுத்துவிட்டான். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“தம்பி, ஆர் செத்தது?”

“ஏன் அக்கா?”

“இஞ்ச பாரும். ‘அன்னார் ஆவட்டத்தில்’ எண்டு கிடக்கு. நான் கேட்டது கூரைத் தகடு. நீர் எனக்கு மரண அறிவித்தல் அடிச்சுத் தந்திருக்கிறீர்.”

செத்தவரை ‘அன்னார்’ என்று எழுதுவதுதான் எங்கள் பக்க மரண அறிவித்தல் வழக்கம். ‘மாவட்டத்தில்’ என்பது ‘ஆவட்டத்தில்’ ஆகியிருந்தது. வங்காலை வகாலையாகியிருந்தது. முருங்கன் என்று அவன் தட்டிய இடத்தில் ‘உருகன்’ என்று நின்றது. சிங்கராசா அண்ணை எட்டிப் பார்த்து, “வெய்யிலுக்குச் சந்தியே உருகிப் போச்சுப் போல” என்றாராம். றிபாத் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வேறொரு மென்பொருளில் அடித்து, சரிபார்த்து, அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தான். அவர் போய் ஐந்து நிமிடத்தில் கரண்ட் நின்றது. திருத்த வேலையாம், மூன்று மணிவரை வராது என்று முதல் நாளே அறிவித்திருந்தார்கள். கடைக் கணினி செத்தது.

“அந்தக் கடைசிக் கட்டளை மச்சான்” என்றான் போனில். “எல்லாத்தையும் சரியாச் செஞ்சுட்டு, அனுப்ப முந்தி என்ட விரல் ரெண்டை ஒண்டாக்கிட்டு. கடையில கடிதத்துக்குச் செய்யிற மாதிரி. வரித் தொடக்கத்தில போன வெற்றிடங்களை எடிட்டர் தானா திரும்ப வச்சு நேராக்கிட்டு. அதாலதான் கண்ணுக்குத் தெரியல்ல.”

அந்த எடிட்டரில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். எந்தத் தட்டுக்கு எந்த எழுத்து என்பதற்கு ஒரு அட்டவணை இருக்கிறது. இந்தியப் பக்கத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்த அட்டவணை. ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை. மற்ற மொழிகளில் ஐந்திலும் எழுத்து உட்கார்ந்திருக்கும். தமிழில் ‘க’ முதல் இருக்கையில், ‘ங’ ஐந்தாவதில். நடுவில் மூன்று வெற்றிடம். கோட் இருக்கையை எண்ணித்தான் எழுத்தை எடுக்கும். விரல் அந்த மூன்றை ஒன்றாக்கியதும் ‘ங’ மூன்றாவது இருக்கைக்கு வந்துவிட்டது. ‘ண’வும் ‘ந’வும் ‘ம’வும் அப்படியே. ‘ச’ வரிசை மட்டும் தப்பியது. அதில் நடு இருக்கையில் ‘ஜ’ இருந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெற்றிடம்தான்.

சிலாவத்துறை என்ற பெயரில் ‘ங’ இல்லை. ‘ண’ இல்லை. ‘ந’ இல்லை. ‘ம’ இல்லை. நான் கந்தோர் மேசையில் அதை விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்தேன்.

“அங்கேயே நில்லு. லப்டொப்பைக் கொண்டு வாறன். அசையாத” என்றேன்.

அசையாத என்று அவனிடம் சொன்னது என் தவறு.

குறுகிய விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மன்னார்ப் பாலம் தாண்டுமுன் நான்கு கழுதைகள் வீதியின் நடுவில் நின்றன. ஹோர்ன் அடித்தேன். ஒன்று காதை அசைத்தது. சுற்றிப் போனேன். வெய்யில் தலையைப் பிளந்தது. முருங்கன் சந்தியில் கடை இருட்டாக இருந்தது. சிங்கராசா அண்ணை வாசலில் விசிறியோடு நின்றார்.

“றிபாத் எங்க அண்ணை?”

“அவன் ஒரு இடத்தில நிப்பானே? உம்மைத் தேடி மன்னார் பஸ்ஸில ஏறிட்டான்.”

“நான் அசைய வேண்டாமெண்டு சொன்னனான்!”

“எனக்கு அஞ்சு வருசமாச் சொல்லிக் களைச்சுப் போச்சு. நீர் இண்டைக்குத்தானே சொல்லுறீர்” என்றபடி போனை எடுத்து அவனை அழைத்தார். பஸ் உயிலங்குளத்துக்குக் கிட்ட. இறங்கி அங்கேயே நில் என்று அவரும் சொன்னார்.

வந்த வழியே திரும்பினேன். உயிலங்குளம் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவில் அவன் போய் வந்துகொண்டிருந்தான். நேரம் பதினொன்று ஐம்பது. லப்டொப்பை மோட்டார் சைக்கிள் ஆசனத்தில் வைத்துத் திறந்தேன். வெய்யிலில் திரை கண்ணாடி மாதிரி எங்கள் முகத்தைத்தான் காட்டியது. என் மேற்சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்தேன். அதன் நிழலுக்குள் அவன் குனிந்து நின்று தட்டினான். நான்கு வரிசை. “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று வாய்விட்டு எண்ணி எண்ணி வெற்றிடங்களைத் திரும்ப வைத்தான். முருங்கன் என்று தட்டினான், முருங்கன் வந்தது. மன்னார் வந்தது. வங்காலை வந்தது.

தரிப்பிடத்து வாங்குப் பலகையில் இருந்த ஐயா ஒருவர் கழுத்தை நீட்டினார். “ஸ்கோர் என்ன தம்பிமார்?”

“விக்கெட் போயிட்டுது ஐயா” என்றான் றிபாத், திரும்பாமல்.

இனி அனுப்ப வேண்டும். அங்கேதான் நின்றுவிட்டான், அன்று முதல் தடவையாக உண்மையாகவே நின்றான்.

பதிப்புக் கட்டும் கிழமையில் சுத்தப்படுத்தல் எதையும் அவர்கள் ஏற்பதில்லை. ஏதாவது உடைந்திருக்கிறது என்று காட்டினால் மட்டும் திருத்தம் எடுப்பார்கள். இன்றைக்கே சேர வேண்டுமென்றால், நான் உடைத்தேன் என்று எல்லோரும் வாசிக்கும் மெயில் குழுவில் எழுத வேண்டும். எழுதினால் அந்தப் ‘பொறுப்பாளர்’ வரி போச்சு.

எனக்கு வேறொரு வழி தெரிந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்: அந்த வழியை நான்தான் சொன்னேன்.

“மச்சான், ஒருத்தருக்கும் தெரியாது. பதிப்பு போகட்டும். அடுத்த கிழமை உன்ட பேரைப் போட்டுத் தருவாங்கள். பிறகு நீதான் பொறுப்பாளர். நீயே சத்தமில்லாமத் திருத்திடலாம். அடுத்த பதிப்பில சரியாகிரும்.”

“அடுத்த பதிப்பு எப்ப?”

“ஆறு மாசம்.”

அவன் தரிப்பிடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தான். ஐயாவின் காலைத் தாண்டிப் போனான். திரும்பி வந்து மீண்டும் போனான். என் கைகள் சட்டையைப் பிடித்துப் பிடித்து வலித்தன. மூன்றாம் சுற்றில் நின்று கேட்டான்:

“ஆறு மாசமும் அன்ரோனெற் அக்கா அன்னார் ஆவட்டத்திலயா இருக்கோணும்?”

“அவ ஒரு ஆள்.”

“எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆள். மத்த ஆக்களும் எங்கயோ ஒரு கடையில நிண்டு தட்டிக்கொண்டுதானே இருப்பாங்கள்? கண்ணாடி போட்டு வாசிக்க அக்கா இல்லாத கடையில?”

குனிந்தான். ஆங்கிலத்தில் எழுதினான், அதன் தமிழ் இது: “என் கடைசிச் சுத்தப்படுத்தலில் நான்கு வரிசைகளை உடைத்துவிட்டேன். இந்தப் பதிப்பு வெளியானால் தமிழில் எழுதும் எவருக்கும் ம, ங, ண, ந ஆகியவை வராது. பிழை என்னுடையது. என் ஊரின் பெயரை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு அனுப்பினேன். அதில் இந்த எழுத்துகள் இல்லை. திருத்தம் இணைத்திருக்கிறேன். இன்று சேர்க்க முடியுமா?”

வாசித்தேன். என் பெயர் எங்கும் இல்லை. பார்த்தவனும் காணவில்லை என்று ஒரு சொல் இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்கு நான் வெட்கப்பட இன்னும் ஒரு நிமிடம் எடுத்தது.

“என்ட பேரையும் போடு” என்றேன்.

“என்னத்துக்கு? நீ சும்மா பாத்தனீ.”

“அதுதான். சும்மா பாத்தன். வெற்றிடத்தை மறைச்சுப்போட்டு வெற்றிடத்தைப் பாத்தன். ஷமீர் பார்வையிட்டும் காணவில்லை எண்டு போடு.”

நிமிர்ந்து பார்த்தான். அந்த நேரத்திலும் வாயோரம் கோணியது. “பி.எஸ்சி. எண்டும் போடவா?”

“போடு. நல்ல நேரத்துக்கு மட்டுமா பட்டம்?”

போட்டான். பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினான். சட்டையை மாட்டிக்கொண்டு, இருவரும் ஏறி, ஜும்ஆத் தொழுகைக்கு முருங்கன் பள்ளிவாசலுக்குப் பறந்தோம். கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு உள்ளே போகக் குத்பா தொடங்கிவிட்டது. போன்களை நிறுத்தி வைத்தோம். பிரசங்கம் நீண்டது. றிபாத்தின் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் அவன் தொடைமேல் கையை வைத்து அமத்தினேன். கையோடு சேர்ந்து ஆடியது.

வெளியே வந்து போனைத் திறந்தான். ஒன்றும் இல்லை. ஒரு மணி. ஒன்றரை. கடையில் கரண்ட் இல்லை, காற்று இல்லை. சிங்கராசா அண்ணை வாங்கித் தந்த சோற்றுப் பார்சலை நான் இருந்து சாப்பிட்டேன். அவன் போட்டோப் பிரதி இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டான். “அங்க இப்ப விடியக்காலமாம். ஆள் எழும்பினாளோ தெரியாது” என்றான். இரண்டு மணி. சந்திக்குப் போய் வந்தான். இரண்டு ஐந்து. மீண்டும் போனான்.

இரண்டு பத்துக்கு மெயில் வந்தது. அவன் சந்தியின் மறுபக்கம், பஸ் நிலையத்தடியில் நின்றபடி வாசித்தான். நானும் அண்ணையும் கடை வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தோம். வீதியைக் கடந்து வந்தான். கடந்து வரும்போது ஒரு லொறிக்காரன் அவனுக்கு ஏசினான்.

“எடுத்திட்டாங்கள். பதிப்பில சேர்ந்திட்டு.”

“மற்றது?” என்றேன்.

போனைத் தந்தான். அம்மையார் சுருக்கமாக எழுதியிருந்தார். நேரத்துக்குச் சொன்னதற்கு நன்றி. அந்த வரிசைகளுக்கு மேலே ஏன் வெற்றிடம் இருக்கிறது என்று தெளிவான குறிப்பு ஒன்று எழுதி அனுப்பவும். முன்பு இருந்தது யாருக்கும் விளங்கவில்லை. பொறுப்பாளர் விடயத்தை அடுத்த பதிப்புக்குப் பிறகு பேசுவோம்.

“பேசுவோம் எண்டுதானே இருக்கு. இல்லை எண்டு இல்லையே” என்றார் சிங்கராசா அண்ணை.

“ஓம் அண்ணை” என்றான் றிபாத். சோற்றுப் பார்சல் தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், இனி மடிக்க முடியாது என்றானதும் குப்பையில் போட்டான். பிறகு என் லப்டொப்பை அலுமாரிமேல் தூக்கி வைத்து, நின்றபடி, குறிப்பை எழுதினான். இரண்டு வருடமாக மற்றவர்களின் குறிப்புகளை அழித்தவன் எழுதிய முதல் குறிப்பு அது. முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமா வீட்டில் எல்லோருக்கும் கதை சொல்ல வேண்டியதாயிற்று. உம்மு குல்சூம் மாமிக்குத்தான் சட்டென்று விளங்கியது. “அது நம்மட பக்கத்து வளவு மாதிரி எலுவா? ஆள் இல்லை, வெறும் வளவெண்டு நம்மட ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டினா, சபூரா ராத்தா புத்தளத்தில இருந்து போன் எடுத்துக் கிழிக்கிறா. அவட மகன் வந்து வீடு கட்டுவானாம். முப்பது வருசமாச் சொல்றா.”

ஆதம்பாவா மாமாவுக்கு வேறு கவலை. “குறிப்பில என்ன எழுதினாய்?”

றிபாத் கோப்பையோடு முற்றத்தில் நடந்துகொண்டே சொன்னான்: “ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை. நடுவில் உள்ள மூன்று வெற்றிடமும் வெறுமை அல்ல. தமிழில் இல்லாத எழுத்துகளின் இடம். இந்தப் பகுதியில் கைவைத்தால் அனுப்புமுன் முருங்கன் என்று தட்டிப் பாருங்கள்.”

“முருங்கனா? ஏன்டா, எங்கட ஊர்ப் பேருக்கு என்ன குறை?”

“எங்கட ஊர்ப் பேர்தானே வாப்பா என்னைக் கவிழ்த்தது.”

“ஊரைக் காட்டிக் குடுத்திட்டான்” என்றார் மாமா, எனக்கு முன்னால் சுவரில் தொங்கிய என் படத்தைப் பார்த்துக்கொண்டு. சிங்கராசா அண்ணையோ இப்போது வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் தன் சந்தி உலகம் முழுக்கப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதிய பதிப்பை நானும் போட்டிருக்கிறேன். போன கிழமை அந்தப் பைலைத் திறந்து, இந்த முறை எதையும் மறைக்காமல், வெற்றிடங்களையும் புள்ளி புள்ளியாகக் காட்டச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தேன். அவ்வளவு நீளப் பைலில் எந்த வரியின் முடிவிலும் ஒரு வெற்றிடம்கூடத் தொங்கவில்லை. ஒன்றைத் தவிர. தலையில், ‘பொறுப்பாளர்:’ என்ற வரியில், இரட்டைப் புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு புள்ளி. பெயர் எழுதுமுன் விடுகிற இடம்.

றிபாத்துக்குப் போன் எடுத்தேன். “மச்சான், முதல் வரியில ஒண்டு தப்பிக் கிடக்கு. காணல்லையா?”

அவன் நடந்துகொண்டிருந்தான், காற்றுச் சத்தமும் கடற்கரை நாய்களின் சத்தமும் கேட்டன.

“கண்டனான். நாப்பத்தொரு தரமும் கண்டனான்” என்றான். “அது கிடக்கட்டும்.”